பேர் தெரியாத ஆளுக்காக

பிப்ரவரி 22, புதன். சாம்பல் புதன்

இன்று முதல் எழுதுகிறேன். போன ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் ஸ்டீபன்சன் சொன்னார்: "இந்த லெந்து நாட்கள்ல, ஈஸ்டர் வரைக்கும், தினமும் ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க. எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல என்ன நிக்குதுன்னு எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம்." கடையில் கோடு போட்ட நோட்டு இல்லை. கோடு போடாததை வாங்கி வந்தேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. பன்னிரண்டு வருடமாக எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். சாவு வீடோ, பிரசவ வீடோ, புது வீடோ, "பியூலா அக்கா ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றால் உடனே எனக்கு வார்த்தை வரும். கேட்கிறவர்கள் அழுவார்கள். தனியாக முழங்காலில் நிற்கும்போது வருவதில்லை. சொல்வதெல்லாம் கூரையோடு நின்றுவிடுகிறது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, பல வருடமாக இப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை.

தீர்மானம்: விடியற்காலை நான்கரைக்கு எழ வேண்டும். ஒரு மணி நேரம் வேத வாசிப்பும் ஜெபமும். மதியம் வரை உபவாசம். இந்த நாற்பது நாளுக்குள் ஆண்டவரிடம் கிட்டச் சேர்ந்துவிட வேண்டும்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. கணையத்தில் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறோம். அப்பா வேதத்தில் ஒரே வசனத்திலிருந்து எங்கள் இருவருக்கும் பெயர் எடுத்தார். அவள் எப்சிபா, நான் பியூலா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணம் ஆகாதவள்.

பிப்ரவரி 23, வியாழன்

கேழ்வரகுக் கூழ் மூன்று கரண்டி. இரண்டு தங்கியது. போர்வை இரண்டு துவைத்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோயில் வாசலில் சபையில் மூத்தவரான லில்லி பாக்கியம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன மாதிரி ஒரு தங்கச்சி யாருக்கு வாய்க்கும்? எப்சிக்கு ஆண்டவரு பிள்ள குட்டி குடுக்கல, ஒன்னக் குடுத்திருக்காரு" என்றார்கள். நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "எல்லாம் அவர் கிருபை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தலைவலி. வெயில்தான் காரணம்.

மார்ச் 1, புதன்

அதிகாலை ஜெபத்தை அக்கா கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பொன்னுத்தாய் வந்து அவளைக் குளிப்பாட்டி முடித்த பிறகு கேட்டாள். பொன்னுத்தாய் பக்கத்துத் தெருக்காரி. காலையில் வந்து உதவுகிறாள், நான் சங்க வேலையாய்ப் போனால் அக்காவோடு இருப்பாள்.

"ஏளா, தினமும் அவருகிட்ட என்ன இவ்வளவு கேக்க?"

"அவருகிட்ட நெருங்கி வரணும்னு கேக்கேன்."

"அவரு எங்க போனாரு, நெருங்கி வாரதுக்கு?"

சிரித்தாள். சிரித்ததில் வலி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் மொதல்ல பத்து வருசம் அவரோட சண்டதான். மொகங்குடுத்துப் பேசவே மாட்டேன். அப்புறம் வீட்டுல பேச வேற ஆளு இல்ல பாத்துக்கோ, அவருகிட்டதான் பேசணும்னு ஆயிப்போச்சு. இப்பம் உப்பு கூடிப் போச்சான்னுகூட அவருகிட்டதான் கேப்பேன்" என்றாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். சாகக் கிடக்கிறவளைப் பார்த்துப் பொறாமை.

மார்ச் 5, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் போதகர் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரும் இருந்தார். எனக்கும் இவருக்கும் அக்காவோடு சேர்த்தே கொடுத்தார். கொடுக்கும் முன்னால் ஒரு பகுதி வாசித்தார். காணிக்கையைப் பலிபீடத்தில் வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி.

வாங்கினேன். தொண்டையில் நின்றுகொண்டது. இருமினேன். இவர் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பம் காய்ந்திருந்தது.

மார்ச் 9, வியாழன்

அக்காவுக்கு முதுகில் தோல் சிவந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கிறோம். பவுடர் போடும்போது சொன்னாள்: "அம்மாவுக்குப் பதினாலு வருசத்துல ஒரு புண்ணு வர விடல நான்."

உண்மை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அப்பா இல்லை, அண்ணன் தம்பி யாரும் இல்லை. அக்கா மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். காலையில் அம்மாவைக் கழுவித் துடைத்துவிட்டு வேலைக்குப் போவாள், மதிய மணி அடித்ததும் ஓடி வருவாள், மறுபடி போவாள். நான் மதுரையில் இருந்தேன். இவருக்கு அங்கே தபால் ஆபீஸில் வேலை. கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. நான் என்ன செய்திருக்க முடியும்?

அம்மா இறந்த மறுவருடம் நாங்கள் அக்கா இருந்த இந்த ஊருக்கே வந்துவிட்டோம்.

அம்மா படுத்த அடுத்த வருடம் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. இம்மானுவேல் என்று ஒரு வாத்தியார். நல்ல மனிதர். கல்யாண அறிவிப்பாகக் கோயிலில் ஓலை வாசிக்க நாள்கூடக் குறித்தார்கள். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்ததாம். அதோடு நின்றுபோனது.

மார்ச் 10, வெள்ளி

"வந்ததாம்" என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 12, ஞாயிறு

எழுதவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

மதுரை வீட்டில் ஒரு மத்தியானம், சின்னது தொட்டிலில் கிடக்கும்போது எழுதினேன். இன்லேண்டு தாளில், இடது கையால். இவர் தபால் ஆபீஸில் இருந்ததால் முத்திரையைப் பற்றி எனக்குத் தெரியும். மதுரை முத்திரை விழக் கூடாது என்று பஸ் ஏறித் திருமங்கலம் போய்ப் பெட்டியில் போட்டேன்.

என்ன எழுதினேன் என்பதையும் எழுத வேண்டும். பெண்ணுக்கு நடத்தை சரியில்லை, இரண்டு வருடத்துக்கு முன் மதுரைக்குத் தங்கை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் தங்கிக் கருவைக் கலைத்துக்கொண்டு போனாள் என்று எழுதினேன். இரண்டு மாதம் அவள் வந்து தங்கியது உண்மை. என் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எனக்கு வெந்நீர் போட, பிள்ளைத் துணி அலச. அந்த இரண்டு மாதத்தை எடுத்துத்தான் இதை எழுதினேன். அதனால்தான் நம்பினார்கள்.

அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவள் கல்யாணமாகிப் போய்விட்டால் அம்மாவை மதுரைக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று மூன்று நாளாகத் தேடிப் பார்த்தேன். இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் கடிதத்தை அப்போதைய போதகரிடம் காட்டினார்கள். அது ஊர் முழுக்கப் பரவியது. அக்கா ஞாயிறுதோறும் கோயிலில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து நிறுத்தினார்கள். அப்புறம் யாரும் அவளைக் கூப்பிடவே இல்லை.

நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறேன்.

மார்ச் 16, வியாழன்

போதகர் வீட்டுக்குப் போனேன். முப்பது வயதுதான் இருக்கும். என் மகன் வயது. சங்கத்தில் ஒரு அம்மா இருக்கிறார்கள், இப்படி ஒரு தப்பு செய்திருக்கிறார்கள், பாதிக்கப்பட்டவர்கள் சாகக் கிடக்கிறார்கள், சொல்லலாமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்.

அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளிப் போட்டார். பிறகு, "சொன்னா யாருக்கு நிம்மதி கிடைக்கும்னு அந்த அம்மாவ யோசிக்கச் சொல்லுங்க. சொல்ற அம்மாவுக்கா, கேக்குற அம்மாவுக்கா?" என்றார்.

"சொல்ல வேண்டாங்கிறீங்களா ஐயா?"

"அப்படிச் சொல்லல. யோசிக்கச் சொன்னேன்."

சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் புட்டு அவித்தேன். இவருக்கு ஆச்சரியம், "என்ன விசேசம்?" என்றார்.

மார்ச் 18, சனி

முழங்காலில் நின்றேன். ஒன்றும் இல்லை. மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அக்கா பாதி நாள் தூங்குகிறாள்.

மார்ச் 20, திங்கள்

இன்று அக்காவுக்குத் தெளிவு. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். முடி இல்லை, இருந்தாலும் கேட்டாள். தானாகவே பேச்சை எடுத்தாள்.

"இம்மானுவேல் வாத்தியார ஒருதரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். கூடப் பொஞ்சாதி, ரெண்டு பொம்பளப் பிள்ளைக. என்னப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி திரும்பிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல."

நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடுதாசி எழுதின ஆளுக்காக நான் தெனமும் ஜெபம் பண்ணுதேன் பியூலா. மொத வருசம் எல்லாம் அந்தக் கை வெளங்காமப் போகணும்னுதான் கேட்டேன். அது ஜெபமா? சாபம். பெறகு ஒருநா தோணுச்சு. இப்படி எழுதிட்டு அந்த ஆளு எப்படித்தான் படுத்து ஒறங்கும்னு. பாவமா இருந்துச்சு. அன்னையிலேருந்து, ஆண்டவரே அந்த ஆள மன்னிச்சிரும், சமாதானம் குடும்னு சொல்லுவேன். பேரு தெரியாதுல்லா, அதனால 'அந்த ஆளு'ன்னுதான் சொல்லுவேன். அவருக்குத் தெரியுமே."

"எத்தன வருசமா?"

"பதினேழு, பதினெட்டு இருக்கும்."

கை கழுவ வேண்டும் என்று எழுந்து போனேன். கிணற்றடியில் நின்றேன். பொன்னுத்தாய் வந்து, "என்னக்கா, மயக்கமா?" என்று கேட்டாள்.

மார்ச் 22, புதன்

அவள் மன்னித்துவிட்டாள். என்ன எழுதினேன் என்று தெரிந்தே மன்னித்துவிட்டாள். பேர் ஒன்றுதான் தெரியாது. நான் போய்ப் பேரை மட்டும் சொன்னால் போதும். நாளைக்குச் சொல்கிறேன். சொல்லிவிட்டால் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் ஒன்றும் நிற்காது. இரண்டு நாளாக மனம் லேசாக இருக்கிறது.

மார்ச் 23, வியாழன்

சொன்னேன்.

காலை பதினொரு மணி. இவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பொன்னுத்தாய் கிளம்பிவிட்டாள். அக்கா தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"யக்கா, நீ ஜெபம் பண்ணுத அந்த ஆளு நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. "எந்த ஆளு?"

"கடுதாசி எழுதின ஆளு."

என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று தெரிய அவளுக்கு நேரம் பிடித்தது.

"நீயா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நீ போயிட்டா அம்மாவ யாரு பாப்பான்னு..."

"அதுக்கா?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள்மேல் எனக்கு வன்மம் இருந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். "அதுக்குத்தான்" என்றேன். அவள் காலைப் பிடித்தேன். எலும்புதான் கைக்குள் வந்தது. "நீ ஏற்கெனவே மன்னிச்சிட்டன்னு சொன்னியே யக்கா" என்றேன். இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

காலை இழுத்துக்கொண்டாள். இழுக்க அவளிடம் பலம் இல்லை. ஆனாலும் இழுத்துக்கொண்டாள்.

"தெரியாத ஆள மன்னிச்சேன். அது வேற. அந்த ஆளு எனக்கு யாரோ. நீ எனக்கு யாரு? ஒனக்குப் பேறுகாலம் பாத்தேன். ஒம் பிள்ளைக்கு மொதத் துணி நான்தான் தச்சேன்."

"யக்கா..."

"ஒம் பாரத்த எறக்கி வச்சிட்ட. நல்லா இரி. நான் இத எங்க கொண்டுபோய் எறக்க? எனக்கு என்ன நாளா கெடக்கு?"

சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றாள். முடியவில்லை. நான் திருப்பிவிடப் போனேன். "தொடாத" என்றாள். இவர் வரும்வரை பாதி திரும்பியபடியே கிடந்தாள்.

மார்ச் 24, வெள்ளி

என் கையால் சாப்பிடவில்லை. பொன்னுத்தாய் கொடுத்தால் வாய் திறக்கிறாள்.

மார்ச் 25, சனி

இன்றும் இல்லை.

மார்ச் 26, ஞாயிறு

இவர் கேட்டார்: "அக்காளுக்கும் தங்கச்சிக்கும் என்ன சண்ட? சாகப்போற மனுசிகிட்ட என்ன சண்ட போட முடியும் ஒனக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். திருமங்கலம் போனது வரைக்கும். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், கோயிலுக்குக் கிளம்ப. கை அப்படியே நின்றது.

"அத்தய நம்ம வீட்டுக்குக் கூட்டியாறதுக்கு நான் வேண்டாம்னு சொல்லிருப்பனா? ஒருநாளாவது அப்படிச் சொல்லிருக்கனா?"

"இல்ல."

"பெறகு?"

 அவரிடம் நான் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பார் என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அவர் சரி என்று சொல்லிவிட்டால் நான் தப்ப முடியாதே.

கோயிலுக்குத் தனியாகப் போனார். தனியாக வந்தார். இப்போது அக்காவுக்குக் கூழ் கொடுப்பது அவர்தான்.

மார்ச் 27, திங்கள்

முழங்காலில் நிற்கவில்லை. போதகர் கேட்ட கேள்வி இப்போது புரிகிறது. சொன்னதில் யாருக்கு நிம்மதி? எனக்கும் இல்லை.

பதினெட்டு வருடம் ஒருத்தி தினமும் செய்துவந்த ஜெபத்தை நிறுத்திவிட்டேன். அதுவும் எனக்காகச் செய்துவந்ததை.

மார்ச் 29, புதன்

மருந்து கொடுக்கும் நேரம். இவர் குளிக்கப் போயிருந்ததால் நான் வாசல்படியில் நின்று, "மாத்திர குடுக்கட்டுமா?" என்று கேட்டேன். ஆறு நாளுக்குப் பிறகு அக்கா என்னைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கிட்டச் சொன்னாப் போதுமா? அந்தக் கடுதாசி எங்கிட்டயா வந்துச்சு?"

"இல்ல."

"யாருகிட்டல்லாம் போச்சோ அவுகளுக்குச் சொல்லு. பிள்ளைகளுக்குக் கத சொல்ல லாயக்கில்லன்னு என்னிய எறக்கி விட்டாவல்லா. அந்தக் கோயில்ல வச்சிச் சொல்லு. நான் உசிரோட இருக்கயிலயே சொல்லு."

"சொன்னா மன்னிப்பியா யக்கா?"

"வெல பேசுதியா?"

மாத்திரையை இவர் வந்து கொடுத்தார்.

ஏப்ரல் 2, ஞாயிறு. குருத்தோலை ஞாயிறு

பவனி ஊரைச் சுற்றி வந்தது. எங்கள் தெருவுக்கு வந்தபோது பிள்ளைகள் ஜன்னல் வழியாக அக்காவுக்கு ஓலையைக் காட்டினார்கள்.

அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து சொல்வதாக இருந்தேன். போதகரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அறிவிப்பு முடிந்தது. எழுந்தேன். போதகர் என்னைப் பார்த்து, சங்க அறிவிப்பு என்று நினைத்து, மைக்கை நீட்டினார். வாங்கினேன். "வியாழக்கிழமை நம்ம சங்கக் கூடுகை நாலு மணிக்கு" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா கேட்டாள்: "சொன்னியா?"

"இல்ல."

கண்ணை மூடிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோல் இருந்தது முகம்.

ஏப்ரல் 4, செவ்வாய்

அக்காவுக்குப் பேச்சு குழறுகிறது. கால் வீங்கியிருக்கிறது. நாலைந்து நாள் இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

ஏப்ரல் 5, புதன்

போதகரிடம் போய், "அன்னைக்குச் சொன்ன அம்மா நான்தான் ஐயா" என்றேன். "தெரியும்மா" என்றார். மார்ச்சிலேயே தெரிந்திருக்கிறது.

பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் தியானம் பண்ணுவோம். ஒன்று எப்போதும் எனக்கு. இந்த வருடம் என் நேரத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு. சாட்சி ஆக்கிராதீங்க. நீங்க பேசினா ஜனங்க அழுவாங்க. அழுதா, எவ்வளவு பெரிய மனசு இந்த அம்மாவுக்குன்னு பேர் உங்களுக்குத்தான் வரும். எப்சிபா அம்மாவுக்கு ஒண்ணும் வராது."

"சரி ஐயா."

"அழாமச் சொல்லுங்க. வசனம் எதுவும் சேக்க வேண்டாம்."

சங்கச் செயலாளர் பொறுப்பை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7. பெரிய வெள்ளி

மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஆராதனை. கோயிலில் இடம் இல்லை, வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே அனல். எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பிறகு என் பெயரைச் சொன்னார்கள்.

தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசித்தேன்.

"இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் என் அக்கா எப்சிபாவைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதை எழுதியது நான். அதில் இருந்தது முழுவதும் பொய். அவள் மதுரைக்கு வந்தது என் பிரசவம் பார்க்க. அவள் கல்யாணமாகிப் போய்விட்டால் அம்மாவை நான் பார்க்க வேண்டி வரும் என்பதற்காக எழுதினேன். என் அக்கா எப்சிபா மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவளை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நிறுத்தியது தவறு."

இவ்வளவுதான். அழவில்லை. ஆமென் சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு பெண், "அடப் பாவி" என்றாள். போதகர் அடுத்த வார்த்தைக்கு ஆளைக் கூப்பிட்டார். நான் என் இடத்துக்குப் போனபோது பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்று மணி வரை அங்கேயே இருந்தேன்.

வெளியே வந்ததும் லில்லி பாக்கியம் அம்மா எதிரே நின்றார்கள். அந்தக் காலத்தில் ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளர் அவர்கள்தான். எண்பது வயது. "நாங்க விசாரிக்கவே இல்லியே" என்று மட்டும் சொன்னார்கள். என்னைத் திட்டவில்லை. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அவர்கள் பின்னால் இன்னும் எட்டுப் பத்துப் பேர். நான் எல்லோருக்கும் பின்னால் போனேன்.

அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். லில்லி பாக்கியம் அம்மா குனிந்து, "எப்சி, எங்கள மன்னிச்சிரும்மா" என்றார்கள். அக்கா கையைக் கொஞ்சம் தூக்கினாள். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரொம்ப நேரம் விடவில்லை.

எல்லோரும் போன பிறகு பொன்னுத்தாய் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். கோயில் கோபுரத்து ஒலிபெருக்கியில் நான் பேசியது வீடு வரை கேட்டிருக்கிறது. "நீங்க பேசும்போது அக்கா கண்ணத் தொறந்துதான் கெடந்தாவ. முடிஞ்சதும் எங்கிட்ட, 'எம் பேரச் சொன்னாளா?'ன்னு கேட்டாவ. சொன்னாவக்கா, ரெண்டு தரம் சொன்னாவன்னேன். சரின்னாவ."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

சாயங்காலம் ஒரு கரண்டி தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கரண்டியைப் பொன்னுத்தாயிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, சனி

இன்று காலை பத்து இருபதுக்கு அக்கா இறந்துபோனாள்.

எட்டு மணியிலிருந்தே மூச்சு மாறிவிட்டது. இவர் தலைமாட்டில் இருந்தார். பொன்னுத்தாய் காலடியில். நான் வாசல்படியில் நின்றேன். "உள்ள வா" என்றார் இவர். போய்க் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவள் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. "யக்கா, ஒன் கையப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. நினைவு இருந்ததா என்றும் தெரியாது. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இந்தத் தடவை எனக்குத் துணிவில்லை. என் கை இரண்டும் என் மடியிலேயே இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மூச்சு நின்றது. இவர் கண்களை மூடினார்.

குளிப்பாட்டத் தெருப் பெண்கள் வந்தார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் தண்ணீர் இறைத்து வாளியை வாசலில் வைத்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு அடக்கம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை லில்லி பாக்கியம் அம்மா வரிசையாகக் கூட்டி வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அக்காவைத் தெரியாது. கல்லறை வரை பாடிக்கொண்டு வந்தார்கள். நான் பிடி மண் போட்டேன்.

ஏப்ரல் 9. ஈஸ்டர்

விடியற்காலை நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. இவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் கொஞ்சம் நின்றார், வருகிறாயா என்று கேட்கலாமா என்று யோசித்ததுபோல. கேட்கவில்லை. போனார்.

அக்காவின் போர்வைகளை ஊறப்போட்டேன். கட்டிலைக் கழுவி வெளியே சாய்த்து வைத்தேன். விடியும் நேரம் காலியான முன்னறையில் முழங்காலில் நின்றேன்.

மன்னியும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நேற்றுவரை அது அக்காவின் கையில் இருந்தது. அவள் தராமல் போனாள். அவளைத் தாண்டிப்போய் அவரிடம் வாங்கிக்கொள்ள இன்று எனக்கு முகமில்லை. என்றைக்காவது கேட்பேனா, தெரியாது. நெருங்கி வாரும் என்றும் கேட்கவில்லை. "நான் பியூலா. நான்தான் எழுதினேன்" என்றேன். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் இருபத்தெட்டு வருடத்தில் இதை ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசியிருக்கிறேன்.

அதற்குமேல் வார்த்தை இல்லை. தேடவும் இல்லை.

சமாதானம் வந்தது என்று எழுதினால் அது பொய். வரவில்லை. ஆனால் நான் சொன்னதை ஒருவர் கேட்டார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது ஆறுதலாக இல்லை. சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு அப்பா முன்னால் தலைகுனிந்து நிற்பேனே, அப்படி இருந்தது. எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

போகவில்லை. இவர் கோயிலிலிருந்து திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே நின்றேன்.